காப்பி இதயம்

ஹில்கேயின் புருஷன் ஐலர்ட் செத்தது தலையில் மூட்டை விழுந்து. அன்றைக்கு பிரேமன் துறைமுகத்தில் வேலையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். பாரந்தூக்கியின் கொக்கி நழுவியது. பிரேசிலிலிருந்து வந்த காப்பிக்கொட்டை மூட்டைகள் இரண்டு அவன்மேல் இறங்கின. அவன் எழுந்திருக்கவில்லை. ஆனால் அந்த நகரத்தில் யார் எதனால் செத்தார்கள் என்று முடிவு செய்வது பார்த்தவர்கள் அல்ல, சுகாதார மன்றம். மன்றம் பிணத்தை வாங்கி அறுத்துப் பார்த்தது. வயிற்றில் காலையில் குடித்த காப்பி இருந்தது. சாவுக்குக் காரணம் காப்பி என்று எழுதி முத்திரை குத்திவிட்டது.

ஏதோ கைப்பிழை என்று நினைத்துக்கொண்டு ஹில்கே மன்றத்துக்குப் போனாள். மன்றத் தலைவர் டாக்டர் ஃபோல்ராத் அவளை நிற்க வைத்தே பேசினார். நாற்காலிகள் இருந்தன. அவற்றில் கோப்புகள் உட்கார்ந்திருந்தன.

"ஐயா, அவரு தலையில மூட்ட விழுந்துச்சு."

"விழுந்தது எனக்கும் தெரியும்மா. ஏன் அவர் விலகலைங்கிறதுதான் கேள்வி. காப்பி குடிச்சா இதயம் படபடன்னு அடிக்கும். அந்தப் படபடப்பு காதை அடைக்கும். காது அடைச்சா மேலேர்ந்து கத்தறது கேக்காது. இது விஞ்ஞானம்."

"கத்தறதுக்கே நேரம் இல்லைன்னு கொக்கிக்காரரே சொல்றாருங்க."

"கொக்கிக்காரர் காலைல என்ன குடிச்சார்?"

"காப்பி."

"பாத்தியா."

ஹில்கே விடாமல் மறுபடியும் மூட்டையைச் சொன்னாள். தலைவர் பெருந்தன்மையாகக் கையை விரித்தார்.

"சரி, உன் வழிக்கே வரேன். மூட்டையாலதான் செத்தார்னு வச்சுக்குவோம். மூட்டைக்குள்ள என்ன இருந்துது?"

ஹில்கே வீட்டுக்கு வந்தாள். காரணம் காப்பி என்று ஆகிவிட்டதால் பாரந்தூக்கி வைத்திருந்த கம்பெனி ஒரு மலர்வளையம்கூட அனுப்பவில்லை.

ஐலர்ட்டைப் புதைத்துச் சில வாரம் கழித்துத்தான் அவனை முழுசாகப் புதைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. மன்றத்தின் கீழ்த்தளத்தில் எச்சரிக்கைக் கூடம் என்று ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுமக்கள் குடும்பத்தோடு வந்து பயப்படலாம். அங்கே குடிகாரன் ஒருவனின் ஈரலுக்கும் சுருட்டுப் பிடித்த ஒருவனின் நுரையீரலுக்கும் நடுவில், சாராயம் நிரப்பிய கண்ணாடி ஜாடியில் ஓர் இதயம் மிதந்தது. கீழே சீட்டில் எழுதியிருந்தது: "காப்பி இதயம். துறைமுகத் தொழிலாளி." பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஹில்கே ஞாயிறுதோறும் தேவாலயம் முடிந்ததும் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். வெளியே பார வண்டி போனால் ஜாடிக்குள் இதயம் மெல்லத் திரும்பும். விளக்கம் சொல்கிறவன் குச்சியால் கண்ணாடியைத் தட்டி, "இந்த ஆள் மட்டும் பால் குடிச்சிருந்தா இன்னிக்கும் மூட்டை தூக்கிட்டிருப்பான்" என்பான். கூட்டம் சிரிக்கும். ஹில்கே சிரித்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். அவளுடைய கோபம் சத்தம் போடாது. அடுப்பில் சாம்பல் மூடிய கரி மாதிரி, வெளியே ஒன்றும் தெரியாது.

ஒருநாள் தலைவரிடமே கேட்டாள்.

"அதைத் திருப்பிக் குடுத்துடுங்க ஐயா. புதைக்கணும்."

"எதைம்மா?"

"எம் புருஷன் இதயத்தை."

"அது இப்ப உம் புருஷனோடது இல்ல. நகரத்தோடது. அதைப் பாத்து எவ்வளவு பேர் பயந்திருக்காங்க தெரியுமா? உயிரோட இருந்தப்ப அவர் யாருக்கு இவ்வளவு உபயோகமா இருந்தார்?" தலைவர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். "காப்பியால ஒரு ஆபத்தும் இல்லைன்னு மன்றம் சொல்ற அன்னிக்கு வா. தாராளமா எடுத்துட்டுப் போ."

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். ஹில்கே அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் வெஸ்ஸல் என்ற வியாபாரி ஆற்றங்கரையில் ஓர் ஆலை கட்டினார். காப்பிக்கொட்டையிலிருந்து தூக்கத்தைக் கெடுக்கிற காஃபீனை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, ருசியையும் மணத்தையும் அப்படியே விட்டுவைக்கிற ஆலை. கொட்டை பொறுக்கும் வேலையில் இருந்த ஹில்கேயும் அவள் தோழி ட்ரீனாவும் அங்கே சேர்ந்தார்கள். வேலை ஒன்றும் மந்திரம் இல்லை. பச்சைக் கொட்டையைப் பெரிய உருளைக்குள் போட்டு நீராவி விடுவார்கள். கொட்டை ஊறி உப்பும். அப்புறம் பென்சால் என்கிற திரவத்தை ஊற்றி உருட்டுவார்கள். உப்பிய கொட்டைக்குள் புகுந்து காஃபீனைக் கரைத்துக்கொண்டு அது வெளியே வரும். காஃபீன் போதுமான அளவு குறையும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். கடைசியில் மறுபடி நீராவி விட்டு அந்தத் திரவத்தின் நாற்றத்தை விரட்டிக் கொட்டையைக் காயவைப்பார்கள். கழுவிய திரவத்தைக் காய்ச்சி வடித்தால் அடியில் வெள்ளையாக, கண்ணாடி ஜன்னலில் படிகிற உறைபனி மாதிரி, ஒரு பொடி நிற்கும். அதுதான் காஃபீன். அதைப் பீப்பாயில் நிரப்பி மூடி வைப்பார்கள்.

"இத்தன பேரோட தூக்கம் இந்தப் பீப்பாய்க்குள்ள இருக்குக்கா" என்பாள் ட்ரீனா. "மூடியத் தொறந்தா ஊரே எழுந்து உக்காந்துக்கும்."

ஆலை தயார். ஆனால் புது உணவுப்பொருள் எதையும் விற்க சுகாதார மன்றத்தின் அனுமதி வேண்டும். தலைவர் ஃபோல்ராத் அதிகாரிகள் புடைசூழ ஆலையைப் பார்வையிட வந்தார். கூடவே எழுத்தர் க்ரோப், மைப்புட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான்.

தலைவர் ஒரு பச்சைக் கொட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இதுல காஃபீன் எந்தப் பக்கம் இருக்கு?"

"எல்லாப் பக்கமும்ங்க" என்றார் வெஸ்ஸல்.

"அப்ப எல்லாத்தையும் எடுத்துட்டா கொட்டையில என்ன மிஞ்சும்?"

"காஃபீன் ரொம்பக் கொஞ்சம்ங்க. மிச்சமெல்லாம் அப்படியே இருக்கும்."

"கொஞ்சம்னு மன்றம் ஒருநாளும் சொன்னது இல்லையே." தலைவரின் முகம் இறுகியது. பீப்பாயின் மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே வெள்ளைப் பொடியைப் பார்த்ததும் பின்வாங்கினார். "இதுவா? இவ்வளவு வெள்ளையாவா? க்ரோப், எழுதிக்க. பொருள் கறுப்பாக இல்லை. இதைக் காட்டினா ஜனங்க எப்படிப் பயப்படுவாங்க?"

பிறகு உருளைகளுக்கு முன்னால் நின்று சின்னதாக ஓர் உரை ஆற்றினார். ஹில்கே துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"காப்பியின் ஆபத்தை இந்த மன்றம் குழந்தையைப் போல வளர்த்து வருகிறது. அதற்கென்று ஒரு கூடம், ஒரு துறை, ஒரு துணைத் தலைவர், அவருக்கு ஒரு வண்டி. இன்று ஒரு வியாபாரி வந்து ஆபத்தைத் தனியாகவும் காப்பியைத் தனியாகவும் பிரித்துவிட்டேன் என்கிறார். நான் கேட்கிறேன், ஆபத்து போய்விட்டால் எச்சரிப்பவர்கள் எங்கே போவார்கள்? அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. மக்கள் நிம்மதியாகக் காப்பி குடிப்பதை ஒரு பொறுப்புள்ள மன்றம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க முடியாது."

அதிகாரிகள் கை தட்டினார்கள். வெஸ்ஸலும் வேறு வழி தெரியாமல் தட்டினார்.

கடைசியில் பரிசோதனை என்று முடிவானது. ஒருத்திக்கு அசல் காப்பி, ஒருத்திக்கு ஆலைக் காப்பி. யார் தூங்குகிறார்கள் என்று பார்ப்பது. ஆலைப் பெண்களிலிருந்து ஆள் கேட்டபோது ஹில்கே முதலில் கை தூக்கினாள். அவள் தூக்கியதைப் பார்த்து ட்ரீனாவும் தூக்கினாள்.

"உன்னை எங்கயோ பாத்திருக்கேனே" என்றார் தலைவர்.

"வரிசையில பாத்திருப்பீங்க ஐயா."

தூக்கத்தைச் சோதிக்க ராத்திரி வேண்டும். ஆனால் மன்றத்தின் வேலை நேரம் மாலை நான்கு மணியோடு முடிகிறது. அதற்காக விதியை மாற்ற முடியாது என்பதால் ராத்திரியை மாற்றினார்கள். காலை பத்து மணிக்கு ஜன்னல்களைச் சாத்திக் கறுப்புத் துணி போட்டார்கள். துணைத் தலைவர் எழுந்து, "மன்றத்தின் ஆணைப்படி இப்போது இரவு" என்று அறிவித்தார். நடுக்கூடத்தில் இரண்டு கட்டில்கள். சுற்றிலும் அதிகாரிகள் கையில் கடிகாரத்தோடு. எல்லாரும் ஒருவருக்கொருவர் "குட் நைட்" சொல்லிக்கொண்டார்கள்.

ஹில்கேயும் ட்ரீனாவும் காப்பியைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள். கண் செருகும் நேரத்துக்கு ஓர் அதிகாரி குனிந்து, "தூங்கிட்டியாம்மா?" என்று கேட்டார்.

"தூங்கப் போனேன் ஐயா."

"அப்ப தூங்கல. எழுதிக்க, க்ரோப்."

கால் மணிக்கு ஒருதடவை யாராவது கேட்டார்கள். விதிப்படி, தூங்குகிறவள் தான் தூங்குவதாகத் தன் வாயால் உறுதி செய்தால்தான் அது செல்லும். ட்ரீனா ஒருதடவை கண்ணைத் திறக்காமலே, "ஆமா, தூங்கிட்டேன்" என்றாள். பதில் சொன்ன காரணத்தால் அது தள்ளுபடி ஆனது. பகல் இரண்டு மணிக்கு விடியல் அறிவிக்கப்பட்டது. சேவல் இல்லாததால் க்ரோப் கூவினான். அவன் மனமில்லாமல் கூவினான், ஆனாலும் நன்றாகவே கூவினான்.

முடிவு: இருவரும் தூங்கவில்லை. ஆகவே ஆலைக் காப்பியும் அசலைப் போலவே ஆபத்தானது. வெஸ்ஸல் மேல்முறையீடு செய்தார். இரண்டாவது சோதனையில் தூங்குகிறவர்கள் குறட்டையை அளவோடு விட வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தார்கள். ட்ரீனா அளவை மீறினாள், அதுவும் செல்லவில்லை. வெஸ்ஸல் நகரசபைக்கு ஓடினார். நகரசபை எரிச்சலடைந்து, கடைசியாக ஒரு சோதனை, பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் முன்னால் நடக்க வேண்டும், நடுவில் யாரும் எழுப்பிக் கேள்வி கேட்கக் கூடாது என்று உத்தரவு போட்டது.

அதற்கு மூன்று நாள் முன்பு எழுத்தர் க்ரோப் ஆலை வாசலில் வந்து நின்றான். மைப்புட்டியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. சிவப்பு நாடா கட்டின கெண்டியில ஆலைக் காப்பி, நீல நாடா கட்டினதுல அசல்னுதான் அறிவிப்பாங்க. ஆனா ரெண்டுலயும் அசல்தான் ஊத்தச் சொல்லியிருக்கார் தலைவர். டபுள் டிகாஷன். ரெண்டு பேரும் கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருப்பீங்க. ஆலைக் காப்பி தோத்ததா அறிவிச்சுடுவார்."

ட்ரீனா கொதித்துப்போனாள். "நேரா நகரசபைக்குப் போயிச் சொல்லிடுவோம்க்கா."

"சொன்னா?" என்றாள் ஹில்கே. "கெண்டிய மாத்துவாரு. அவ்வளவுதான். எனக்கு ஆலை ஜெயிச்சா பத்தாது. அந்த ஆள் வாயாலயே காப்பியில ஒண்ணுமில்லைன்னு சொல்லணும்."

"எப்படி சொல்லுவாரு?"

"அவருக்குத் தோக்கத் தெரியாது ட்ரீனா. தோக்கறதுக்குப் பதிலா எத வேணும்னாலும் சொல்லிடுவாரு. நாம ரெண்டு பேரும் தூங்கிக் காட்டணும். அவர் ஊத்தற காப்பியக் குடிச்சிட்டும் தூங்கணும்."

அக்டோபர் மாதம். ஊர்த் திடலில் சந்தை நடந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் சோதனைக்கு முந்தைய இரண்டு ராத்திரியும் கண்ணை மூடவே இல்லை. ராட்டினம் சுற்றினார்கள், வறுத்த பாதாமும் வெல்லப் பாகு ரொட்டியும் தின்றார்கள், கால் வலிக்க ஆடினார்கள். பகலில் ஆலையில் கொட்டை கிளறினார்கள். ட்ரீனா நின்றபடியே கண் சொருகினால் ஹில்கே அவள் தோளில் கிள்ளினாள். தனக்குத் தூக்கம் வந்தபோதெல்லாம் ஹில்கே ஜாடியைத் தட்டும் குச்சியை நினைத்துக்கொண்டாள். தூக்கம் போய்விட்டது.

சோதனை நாளன்று மன்றத்தின் பெரிய கூடம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் நகரசபை உறுப்பினர்கள். காலை பத்து மணிக்கு இரவானது. க்ரோப் இரண்டு கெண்டிகளோடு வந்தான். ட்ரீனாவுக்கு நீல நாடா. ஹில்கே சிவப்பு நாடாக் காப்பியை மூன்று கோப்பை வாங்கிக் குடித்தாள். தார் மாதிரி இருந்தது. "இன்னொண்ணு ஊத்துப்பா" என்றாள். குடித்து முடித்து, ஷூவைக் கழற்றி வைத்து, கட்டிலில் சாய்ந்தாள். தலையணையில் தலை பட்டது மட்டும்தான் அவளுக்கு ஞாபகம்.

அவள் தூங்கியபோது நடந்ததைப் பிறகு க்ரோப் ஒன்றுவிடாமல் சொன்னான். இரண்டு பேரும் விட்ட குறட்டையில் கறுப்புத் துணி ஆடியதாம். வெஸ்ஸல் நாற்காலியிலிருந்து எழுந்து, "சிவப்பு தூங்குது! என் காப்பி ஜெயிச்சுது!" என்றாராம். நகரசபையின் மூத்த உறுப்பினர் ஒருவர், "நீலமும் தூங்குதே?" என்றாராம். கூட்டம் சிரித்ததாம். தலைவர் ஃபோல்ராத் முகம் வெளுத்து, பிறகு சிவந்து, மேடைக்கு நடுவில் வந்து நின்றாராம்.

"ஆலை ஜெயிக்கவில்லை" என்று ஆரம்பித்தார். "பெருமக்களே, மன்றத்தின் தொலைநோக்கைப் பாருங்கள். இரண்டு கெண்டியிலும் இருந்தது அசல் காப்பிதான். என் கண் முன்னால் காய்ச்சியது. இரட்டை மடங்கு. இதை நான் முன்கூட்டியே ஏற்பாடு செய்தேன். ஏன்? உண்மையை வெளிக்கொண்டுவர. இந்தப் பெண்களில் ஒருத்தி நாலு கோப்பை குடித்தாள். குழந்தையைப் போலத் தூங்குகிறாள். காப்பி தூக்கத்தைக் கெடுக்காது. இதயத்தைத் தொடாது. காப்பியில் ஆபத்து என்று ஒன்று என்றைக்குமே இருந்ததில்லை. இல்லாத ஆபத்தை நீக்கித் தருகிறேன் என்று இந்த வியாபாரி உங்களை ஏமாற்றுகிறார். மோசடி!"

துணைத் தலைவர் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். தலைவர் கையை உதறிவிட்டு அதை இன்னொருதடவை சொன்னார், பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொள்ள வசதியாக. மூத்த உறுப்பினர், "ஆபத்தே இல்லேன்னா இதுல மன்றத்துக்கு என்ன வேலை? அனுமதியே தேவை இல்லையே. வெஸ்ஸல், நீங்க போய் ஆலையத் தொறங்க" என்றார். தலைவருக்கு அதுகூட உறைக்கவில்லை. வெற்றிக் களிப்பில் இருந்தார். "விடியட்டும்" என்று ஆணையிட்டார்.

க்ரோப் கூவினான். ஹில்கே கண்ணைத் திறந்தபோது தலைவர் கட்டிலுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றார்.

"நீ குடிச்சது என்ன தெரியுமாம்மா? அசல் காப்பி. நல்லாத் தூங்கின பாத்தியா? காப்பியால ஒரு ஆபத்தும் இல்ல."

ஹில்கே எழுந்து உட்கார்ந்தாள். ஷூவை மாட்டிக்கொண்டாள். நாடாவைக் கட்டினாள். கூடத்தில் எல்லாரும் அவள் கட்டி முடிக்கக் காத்திருந்த மாதிரி இருந்தது.

"மன்றம் சொல்லுதா ஐயா, நீங்க சொல்றீங்களா?"

"மன்றம்தாம்மா சொல்லுது. நான்தான் மன்றம்."

"அப்ப எம் புருஷன் ஐலர்ட் எதனால செத்தாரு?"

தலைவருக்கு அப்போதுதான் அவள் யாரென்று புரிந்தது. சிரிப்பு மட்டும் முகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் பென்சிலோடு குனிந்திருந்தார்கள்.

"மூட்டை..." என்றார்.

"பின்வரிசைக்குக் கேக்கல ஐயா."

"தலையில மூட்டை விழுந்து."

"யாரோட பாரந்தூக்கியிலேர்ந்து?"

அவர் கம்பெனியின் பெயரைச் சொன்னார். அதையும் அவள் சத்தமாகச் சொல்ல வைத்தாள். கூட்டத்தில் துறைமுகக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவரும் கை தட்டவில்லை. எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள்.

"இப்ப இதயத்தைக் குடுங்க" என்றாள் ஹில்கே.

க்ரோப் கீழ்த்தளத்துக்கு ஓடி ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். துணைத் தலைவர் குறுக்கே வந்தார். பதவி போகப்போவது தெரிந்தும் அவருக்கு விதிகள் மறக்கவில்லை.

"இதயத்தை விடுவிக்கலாம். ஜாடி மன்றத்தோட சொத்து. உள்ள இருக்கிற சாராயமும் அப்படித்தான். அதுக்கு ஜாடிக் குழுவோட ஒப்புதல் வேணும். குழு வசந்த காலத்துலதான் கூடும்."

ஹில்கே சுற்றுமுற்றும் பார்த்தாள். மேடையோரத்தில் ஒரு தாங்கியில் தலைவரின் உயரமான கறுப்புப் பட்டுத் தொப்பி மாட்டியிருந்தது. அதைப் போய் எடுத்தாள். உள்ளே வெள்ளைப் பட்டு.

"இது மன்றத்தோடதா ஐயா?"

"அது என்னோடது" என்றார் தலைவர் பதறி. "லண்டன்ல வாங்கினது."

"அப்ப குழு கூட வேண்டாம்."

தொப்பியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு க்ரோப்பைப் பார்த்தாள். க்ரோப் தலைவரைப் பார்க்கவில்லை. ஜாடியைத் திறந்து, கையை உள்ளே விட்டு, மெதுவாக இதயத்தை எடுத்துத் தொப்பிக்குள் வைத்தான். சாராயம் சொட்டிப் பட்டு நனைந்தது. ட்ரீனா தன் கழுத்துத் துணியை அவிழ்த்து மேலே மூடினாள். இரண்டு பேரும் துறைமுகக்காரர்கள் விட்ட வழியில் நடந்து வெளியே போனார்கள்.

மன்றத்தின் காட்சிப்பொருளைப் புதைத்தால் மன்றத்தின் தலைவர் உடனிருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதை எழுதியதே ஃபோல்ராத்தான். ஆகவே மறுநாள் மதியம் வாலே இடுகாட்டில் அவரும் வந்து நின்றார். மழை தூறியது. அத்தனை பேரும் ஏதாவது ஒரு தொப்பி போட்டிருந்தார்கள், அவரைத் தவிர. வழுக்கைத் தலையில் நீர் வழிந்து காலருக்குள் இறங்கியது. தலைவர் பேச வேண்டும் என்பதும் விதியிலேயே இருந்தது. அவர் நாலு வரி பேசினார். மூட்டை என்ற சொல் அதில் இரண்டுதடவை வந்தது. ஹில்கே குறுக்கே பேசவில்லை.

ஐலர்ட்டின் சவக்குழியில் நெஞ்சுக்கு நேராக ஒரு பள்ளம் தோண்டியிருந்தார்கள். ஹில்கே மண்டியிட்டுத் தொப்பியோடு இதயத்தை அதில் இறக்கினாள். விளிம்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். இதயம் ஆடாமல் இருந்தது. அவள் தோள் குலுங்கியது. ட்ரீனா அவளைப் பிடித்துத் தூக்கினாள்.

பாதிரியார் ஜெபத்தை முடித்ததும் ஃபோல்ராத் ஓர் அடி முன்னால் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா... இதயத்துக்குத் தொப்பி அவசியமில்லையே. துணியே போதும். எனக்கு வேற தொப்பி..."

குழி வெட்டுகிறவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஹில்கேயைப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மண்ணப் போடுங்க" என்றாள்.